குண்டு விழுந்த தூரம்



வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்களைப் பற்றிப் புதுச்சேரித் தவளக்குப்பத்தில் கூடியிருக்கும் இந்த அவையில் பேச வேண்டும் என்று என்னைக் கேட்டுக்கொண்டார்கள். பிரெஞ்சுக்காரர் ஆண்ட மண்ணில், தமிழர் கூடியிருக்கும் அவையில், செத்துப்போன ஆங்கிலச் சொற்களுக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். அந்தச் சொற்களில் பல இந்தக் கரையில் நிலத்தை அளந்தன, கூலியைத் தீர்மானித்தன, வழக்கைத் தீர்த்தன என்பதுதான் என் பதில்.

ஆக்ஸ்போர்டு பேரகராதியின் முதல் பகுதி 1884-இல் வெளிவந்தது. அதைப் புரட்டினால் சில சொற்களுக்கு முன்னால் சின்னதாக ஒரு குத்துவாள் குறி நிற்கும். பார்ப்பதற்குக் கல்லறைச் சிலுவை போலவே இருக்கும். இந்தச் சொல்லோ, சொல்லின் இந்தப் பொருளோ இப்போது வழக்கில் இல்லை என்பதற்கு அது அடையாளம். சொல்லே ஒழிந்துபோனால் நமக்குப் பெரிய ஆபத்தில்லை. தெரியாத சொல் என்றால் அகராதியை எடுத்துவிடுவோம். சொல் இருந்து, பொருள் மட்டும் ஒழிந்துபோனால்தான் ஏமாந்துபோவோம். தெரிந்த சொல்லாயிற்றே என்று நிற்காமல் கடந்துவிடுவோம்.

அதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த சான்று உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இங்கிருந்து தெற்கே போனால் கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், முள்ளோடை. அதோடு புதுச்சேரி முடிகிறது. அடுத்து ரெட்டிச்சாவடி, தென்பெண்ணை, கடலூர். கெடிலம் கடலில் சேரும் பக்கத்தில் தேவனாம்பட்டினம். அங்கே இருந்த கோட்டையை 1690-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. அப்போது மராட்டிய அரசர் ராஜாராம் செஞ்சியில் இருந்தார். வாங்க ஏற்பாடு செய்தவர் மதராஸ் கவர்னர் எலிஹு யேல். பின்னாளில் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்குச் சரக்கும் புத்தகமும் அனுப்பி, அதற்குத் தன் பெயரே நிலைத்துவிடும்படி செய்துகொண்டாரே, அவரேதான். கோட்டைக்குச் செயின்ட் டேவிட் என்று பெயரிட்டார்கள்.

விலை பேசியது கோட்டைக்கு மட்டும் என்றால் இங்கே சொல்ல ஒன்றுமில்லை. கோட்டையைச் சுற்றி, ஒரு பெரிய பீரங்கியின் ‘ரேண்டம் ஷாட்’ எட்டும் தூரம் வரையுள்ள ஊர்களும் அந்த வியாபாரத்தில் அடக்கம்.

ரேண்டம் என்ற சொல் தெரியாத மாணவர் இன்று இல்லை. ‘ரேண்டமா ஒரு ஆளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டாங்க’ என்கிறீர்கள். குறியில்லாமல், கணக்கில்லாமல், கைக்கு வந்தபடி என்று பொருள். அந்தப் பொருளோடு 1690-க்குப் போனால் என்ன கிடைக்கும்? ஆங்கிலேயர் விளையாட்டாக நாலு பக்கமும் கண்டபடி சுட்டு, குண்டு விழுந்த ஊரையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள் என்ற கதைதான் கிடைக்கும். அப்படியே எழுதிய கட்டுரைகளை நான் படித்திருக்கிறேன். படிக்கச் சுவையாகத்தான் இருக்கும்.

17-ஆம் நூற்றாண்டுப் பீரங்கிக்காரருக்கோ ரேண்டம் என்பது தொழிற்சொல். பீரங்கியைத் தரைக்கு மட்டமாக வைத்து நேராகச் சுட்டால் குண்டு எட்டும் தூரம் ‘பாயின்ட் பிளாங்க்’. வாயை மேலே தூக்கிச் சுட்டால் எட்டும் தூரம் ‘ரேண்டம்’. எவ்வளவு தூக்கினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அவர்களிடம் அளவு இருந்தது. 45 பாகை அளவுக்குத் தூக்கி, குண்டை அதன் எல்லை வரைக்கும் எறிவதை முழு ரேண்டம் என்றார்கள். நேர்ச்சூட்டைப் போலப் பல மடங்கு தூரம் அது. ஆக, பத்திரத்தில் இருந்த சொல்லில் தற்செயல் என்பதற்கு இடமே இல்லை. இருப்பதிலேயே அதிகத் தூரம் எதுவோ, அதைக் கேட்டுத்தான் அந்தச் சொல்லைப் போட்டார்கள். பாயின்ட் பிளாங்க் என்று எழுதியிருந்தால் மதிலைச் சுற்றிக் கொஞ்சம் மணல்தான் கிடைத்திருக்கும். ரேண்டம் என்று எழுதியதால் கடலூரே கிடைத்தது.

பொருள் தெரிந்தபின் மற்ற விவரங்களும் தாமாக விளங்கும். மதராஸிலிருந்து அதற்கென்றே பீரங்கி வந்தது. குண்டு தொலைவுக்குப் போகும்படி மருந்திட்டுச் சுடுவது பீரங்கிக்காரரின் கைத்திறனைப் பொறுத்தது என்று மேலிடத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். 1690 செப்டம்பரில் திசைக்கொன்றாகச் சுட்டார்கள். பீரங்கி வாங்குபவருடையது, பீரங்கிக்காரர் வாங்குபவருடைய ஆள். அளவுகோலை வாங்குபவரே கொண்டுவந்து, அவரே அளந்துகொண்ட வியாபாரம் இது. அப்படிச் சேர்ந்த ஊர்களைக் குண்டு கிராமங்கள் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். கடலூரை ஒட்டிக் குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊர் இன்றும் இருக்கிறது. பெயரிலுள்ள குண்டு அந்தப் பீரங்கியின் குண்டுதான் என்பது அந்தப் பக்கத்து ஊர்ப்பேச்சு.

பிரெஞ்சு படிக்கும் மாணவருக்காக ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். ரேண்டம் என்பது பழைய பிரெஞ்சின் ‘ராந்தோன்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. வேகம், பாய்ச்சல் என்று பொருள். அதே வேரிலிருந்து இன்றைய பிரெஞ்சில் ‘ராந்தொனே’ இருக்கிறது. மலையிலும் காட்டிலும் நடக்கும் நெடுநடை. ஒரே வேர், ஆங்கிலத்தில் பாய்ச்சல் போய்க் குத்துமதிப்பாக நின்றது, பிரெஞ்சில் வேகம் தணிந்து நடையாக ஆனது.

அந்தக் கோட்டைக்குள் இருந்தவர்கள் யார் என்று பார்க்கப் போனால் அங்கும் இதே சிக்கல். கம்பெனி உத்தியோகத்தில் அடிப்படி ‘ரைட்டர்’. அதற்கு மேலே ‘ஃபேக்டர்’, பிறகு இளைய வணிகர், மூத்த வணிகர். ஃபேக்டர் என்றால் முகவர், பிறர் முதலில் பிறருக்காகக் கொள்முதல் செய்பவர். அவர் தங்கிச் சரக்கை அடுக்கிவைத்த இடம் ‘ஃபேக்டரி’. அங்கே எதுவும் உற்பத்தியாகவில்லை. துணி நெய்தது தறிக்காரர் வீடுகளில். ஆனாலும் ஆங்கிலேயர் சூரத்தில் தொழிற்சாலை அமைத்தார்கள் என்று அச்சிட்ட தமிழ்ப் புத்தகங்கள் உண்டு. புகைபோக்கியும் ஆலைச்சங்கும் இல்லாத அந்தத் தொழிற்சாலையில் என்னதான் செய்தார்கள் என்று எந்த மாணவரும் எழுந்து கேட்டதாகத் தெரியவில்லை. பண்டகசாலை என்ற நல்ல சொல் நம் கையிலேயே இருக்கிறது.

ரைட்டர் கதை இதற்கு நேர்மாறு. 1744-இல் ராபர்ட் கிளைவ் மதராஸில் வந்து இறங்கியது ரைட்டராக. பேரேடும் கடிதப் படியும் எழுதும் கடைநிலைக் கணக்கர் வேலை. 1746-இல் பிரெஞ்சுப் படை மதராஸைப் பிடித்தபோது மாறுவேடத்தில் தப்பி வந்து சேர்ந்த இடம் இதே செயின்ட் டேவிட் கோட்டை. கம்பெனிக் கணக்கர் என்ற பொருள் கம்பெனியோடு போய்விட்டது என்று அகராதி சொல்லும். நம் பக்கத்துக் காவல் நிலையத்தில் போய், ‘ரைட்டர் இருக்காரா?’ என்று கேட்டுப் பாருங்கள். புகாரை எழுதிக்கொண்டு, கோப்பை வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பார். பத்திரப் பதிவு அலுவலக வாசலில் டாக்குமெண்ட் ரைட்டர் இருப்பார். இருவரிடமும் யாரும் கதை, கவிதை எதிர்பார்ப்பதில்லை.

‘பியூன்’ என்பதும் அப்படித்தான். அந்தக் காலக் கடிதங்களில் 500 பியூன்களோடு கோட்டையைக் காத்தார்கள் என்கிற மாதிரி ஒரு வரி வந்தால் சிரிக்க வேண்டாம். போர்த்துக்கீசியத்தில் காலாள் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. வாளும் கேடயமும் ஏந்தியவர், பிற்பாடுதான் கோப்பு ஏந்தினார்.

‘கன்ட்ரி’ என்ற சொல்லை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். கம்பெனி ஆங்கிலத்தில் அது ஐரோப்பாவிலிருந்து வராத எதையும் குறிக்கும். கன்ட்ரி கப்பல் என்றால் ஆசியத் துறைமுகங்களுக்குள்ளேயே ஓடும் கப்பல். தமிழில் இதற்கு அப்படியே இணை இருந்தது: நாட்டுச் சர்க்கரை, நாட்டு ஓடு, நாட்டு மருந்து. எதிர்ப்பக்கத்தில் சீமை ஓடு, சீமை எண்ணெய். புதுச்சேரியில் சீமை என்றால் பிரான்சு, எல்லைக்கு அந்தப்பக்கம் சீமை என்றால் இங்கிலாந்து. ஒரே சொல்லுக்கு இரண்டு நாடு. இங்கிலாந்தில் ஒருவர் ‘கன்ட்ரி’ என்றால் வயலும் கிராமமும்தான் நினைவுக்கு வரும். நம் செய்தித்தாளில் இன்றும் கன்ட்ரி மேட் துப்பாக்கி வருகிறது. முள்ளோடைப் பக்கம் வேறு என்னென்ன கன்ட்ரி உண்டு என்பதை இந்த அவையில் நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை.

இதுவரை சொன்னவை அங்கிருந்து வந்தவை. நம்மிடமிருந்து போய், ஆங்கிலத்தில் கொஞ்ச காலம் வாழ்ந்து மறைந்தவை வேறொரு கூட்டம். கணக்கப்பிள்ளை ‘காணிகோப்பொலி’ ஆனார். காணி ‘காணி’யாகவே போய் 57,600 சதுர அடி என்ற அளவோடு வருவாய்க் கணக்கில் உட்கார்ந்தது. உங்கள் மனை விளம்பரங்களில் வரும் குழி அதன் நூற்றில் ஒரு பங்கு, 576 சதுர அடி. மணியக்காரர் ‘மணிகார்’ ஆனார். 400 மரக்கால் கொண்ட கரிசை ‘கார்ஸ்’ ஆயிற்று. இந்தக் கடைசிச் சொல்லின் எழுத்துக்கூட்டு பிரெஞ்சில் பெண்ணை இழிவாகத் திட்டும் ஒரு சொல்லோடு அப்படியே பொருந்திவிட்டது. மதராஸ் நெல் கணக்கைப் புதுச்சேரியில் உரக்கப் படித்தவர் பாடு என்ன ஆகியிருக்குமோ.

ரெட்டிச்சாவடி என்று சொன்னேன் அல்லவா, அந்தச் சாவடியின் பயணம் நீண்டது. ஊர்ப் பொது இடம், வழிப்போக்கர் தங்குமிடம், வழக்குப் பேசும் இடம் எல்லாம் சாவடி. ஆங்கிலத்தில் ‘சௌல்ட்ரி’ ஆகி, மதராஸில் கம்பெனியின் நீதிமன்றத்துக்கே பெயராயிற்று. பிரெஞ்சில் ‘ஷோத்ரி’ ஆகி, புதுச்சேரியில் தமிழர் வழக்குகளை விசாரித்த மன்றத்துக்குப் பெயராயிற்று. 1766 முதல் 1817 வரை அந்த மன்றம் சொன்ன தீர்ப்புகளை ழான் குளோத் பொன்னான் தொகுத்து, புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1999-இல் வெளியிட்டிருக்கிறது. பாகப்பிரிவினை, சுவீகாரம், கடன் என்று நம் தெருவின் வழக்குகளெல்லாம் அதில் இருக்கின்றன. இப்போது அந்தப் பெயரில் நீதிமன்றம் எங்கும் இல்லை. சௌல்ட்ரி என்று பெங்களூரில் கேட்டால் கல்யாண மண்டபத்துக்கு வழி காட்டுவார்கள். நாம் மட்டும் வாக்குச்சாவடி, சோதனைச்சாவடி என்று பழைய சொல்லிலேயே நிற்கிறோம்.

இவையெல்லாம் சிரித்துக்கொண்டே பார்க்கக்கூடியவை. ஒரு சொல் அப்படியில்லை. அது நம்மையே குறித்தது.

1779-இல் சென்னை வேப்பேரியில் ஃபெப்ரீஷியஸ் பாதிரியாரும் பிரைத்ஹாப்டும் அச்சிட்ட தமிழ்–ஆங்கில அகராதி, தன் முகப்பில் நம் மொழியை ‘மலபார்’ என்று சொல்கிறது. ஐரோப்பியர் பொதுவாக மலபார் என்று அழைக்கும் தமிழ் என்ற விளக்கமும் அங்கேயே இருக்கிறது. அதாவது அந்தப் பெயர் தவறு என்று அவர்களுக்கே தெரியும், ஆனால் சந்தையில் அந்தப் பெயர்தான் செல்லும். மேற்குக் கரையில் முதலில் இறங்கிய போர்த்துக்கீசியர் அங்கே கேட்ட பெயரைக் கிழக்குக் கரைக்கும் நீட்டிவிட்டார்கள். தெலுங்கருக்கும் தெலுங்குக்கும் ‘ஜென்ட்டூ’, இசுலாமியருக்கு ‘மூர்’, தமிழருக்கு மலபார். இலங்கையிலும் ஆங்கிலேயர் 19-ஆம் நூற்றாண்டில் வெகுகாலம் வரை தமிழரை மலபார் என்றே ஆவணங்களில் எழுதினார்கள். இன்று ஒரு மாணவர் பழைய ஆவணத்தில் மலபார் என்று பார்த்ததும் கேரளம் என்று குறிப்பெடுத்தால், ஒரு முழு மக்கள் கூட்டமே அவருடைய ஆய்விலிருந்து காணாமல் போய்விடும். இது நடக்கக்கூடியதுதான். அதனால்தான் மற்றவற்றைவிட இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆங்கிலம் இந்தப் பொருளைக் கைவிட்டுவிட்டது. ரெயூனியன் தீவு கைவிடவில்லை. பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848-இல் அடிமைமுறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பலேறியவர்களின் வழிவந்தவர்கள் அங்கே இன்றும் ‘மல்பார்’தான். அவர்களே தங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். அகராதியில் குத்துவாள் குறி பட்ட பொருள், ஒரு தீவில் தீமிதியும் காவடியுமாக வாழ்கிறது.

இந்தச் சொற்களையெல்லாம் ஒரே இடத்தில் தேடுபவருக்கு ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்ற அகராதி இருக்கிறது. கர்னல் ஹென்றி யூலும் ஏ. சி. பர்னலும் செய்தது, 1886-இல் வந்தது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அரண்மனை நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவர். நூல் வெளிவருவதற்கு முன்பே 1882-இல் இறந்துவிட்டார். நூலின் பெயர் விந்தையாக இருக்கிறதே என்பீர்கள். முகரம் ஊர்வலத்தில் ‘யா ஹசன், யா ஹுசைன்’ என்று எழுந்த குரல் ஆங்கிலச் சிப்பாய்களின் காதில் விழுந்த விதம் அது. வருவாய், நீதித்துறைச் சொற்களுக்கு 1855-இல் வந்த வில்சனின் சொற்றொகுதி இன்னும் நம்பகமானது என்பது என் எண்ணம். ஹாப்சன் ஜாப்சன் படிக்க இனிக்கும், வில்சன் வேலைக்கு ஆகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். ஒலி ஒத்தால் உறவு என்று நினைக்கும் பழக்கம் நமக்கு அதிகம். ஆங்கிலக் ‘கேஷ்’ நம் காசிலிருந்து போனது என்று மேடைதோறும் சொல்கிறார்கள். ரொக்கப் பணத்தைக் குறிக்கும் கேஷ், பணப்பெட்டி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் வழியாக வந்தது. அதற்கும் காசுக்கும் தொடர்பில்லை. ஆனால் அதே எழுத்துக்கூட்டில் இன்னொரு கேஷ் இருந்தது. 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று மதராஸ் கணக்கில் வரும் சில்லறை நாணயம். அது நம் காசுதான், போர்த்துக்கீசியர் வாய்வழியாகப் போனது. சீனாவின் துளையிட்ட செப்புக்காசைக்கூட ஆங்கிலேயர் அந்தப் பெயரால்தான் அழைத்தார்கள். பெருமைப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, நமக்கு உரிமையில்லாத இடத்தில் நின்று பெருமைப்படுகிறோம்.

காது செய்யும் குறும்புக்கு இன்னொரு சான்று ‘மோர் த ஷியன்’. பழைய மருத்துவக் குறிப்புகளில் வாந்திபேதிக்கு வரும் பெயர். பிரெஞ்சில் படித்தால் நாய்ச்சாவு என்று பொருள். கொள்ளைநோய்க்குப் பொருத்தமான பெயர்தான் என்று தோன்றும். உண்மையில் கொங்கணி, மராத்தியில் வழங்கிய ‘மொடசி’ என்ற நோய்ப்பெயர் போர்த்துக்கீசியத்தில் ‘மொர்தெஷிம்’ ஆகி, பிரெஞ்சுக் காதில் நாயாக விழுந்தது. ஆங்கிலேயரும் அந்தப் பிரெஞ்சு வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

மீனவர் ஊர்களான வீராம்பட்டினத்துக்கும் நல்லவாட்டுக்கும் பக்கத்தில் நின்றுகொண்டு கட்டுமரத்தைச் சொல்லாமல் போக முடியாது. ஆங்கிலத்துக்குப் போன கட்டுமரம் முதலில் கட்டிய மரமாகத்தான் இருந்தது. 1804 அக்டோபரில் நெப்போலியனின் படகுகளைத் தகர்க்க பூலோன் துறைமுகத்துக்கு ஆங்கிலேயர் அனுப்பிய மிதக்கும் வெடிப்பெட்டிகளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். ராபர்ட் ஃபுல்டன் செய்த கருவி, வெடித்ததைவிடப் புகைந்தது அதிகம். அதே நூற்றாண்டில் சண்டைக்காரப் பெண்ணுக்கும் அது வசைச்சொல்லானது. இரண்டு பொருளும் ஒழிந்தன. இப்போது இரட்டை உடல் கொண்ட உல்லாசப் படகுக்குக் கேட்டமரான் என்று பெயர். நம் கரையில் மரம் போய் ஃபைபர் வந்துவிட்டது. ஆக, கட்டுமரம் என்றதும் ஒருவர் மனத்தில் எழும் உருவம் அவர் எந்தக் கரையில், எந்த ஆண்டில் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சியைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். ராபர்ட் ஆர்ம் எழுதிய இந்தியப் போர் வரலாற்றின் முதல் பாகம் 1763-இல் வந்தது. இன்று இணைய நூலகங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் 1748-ஆம் ஆண்டு முற்றுகையைத் தேடி எடுங்கள். ஆகஸ்டில் ஆங்கிலேய அட்மிரல் போஸ்கவன் செயின்ட் டேவிட் கோட்டையிலிருந்து புதுச்சேரியைப் பிடிக்கப் படையோடு கிளம்பி வருகிறார். வழியில் ‘ஆரியன்கோப்பாங்’ என்ற இடத்தில் ஒரு சிறிய கோட்டை மறிக்கிறது. அது உங்கள் அரியாங்குப்பம்தான். எளிதில் விழும் என்று நினைத்த கோட்டையில் பல நாட்கள் வீணாயின, ஆங்கிலேயரின் மேஜர் லாரன்ஸ் சிறைப்பட்டார். பிரெஞ்சுக்காரரின் வெடிமருந்து தற்செயலாகப் பற்றிக்கொண்ட பிறகுதான் அவர்கள் அந்த இடத்தை விட்டுப் போனார்கள். மழைக்காலம் வந்ததும் போஸ்கவன் முற்றுகையையே கைவிட்டுத் திரும்பினார்.

அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது ‘டோப்’ என்று வரும். தோப்பு, நம் காக்காயந்தோப்பு என்ற ஊர்ப்பெயரில் இருக்கும் அதே தோப்பு. ‘பவுண்ட் ஹெட்ஜ்’ என்று வரும். புதுச்சேரியை வளைத்து நின்ற முள்வேலி அரண். ‘ஃபசீன்’ வரும், பள்ளத்தை நிரப்பக் கொண்டுபோகும் சுள்ளிக்கட்டு. அந்தக் காலப் போர்நூல்களில் ‘ரிட்ரெஞ்ச்மென்ட்’ என்ற சொல்லும் அடிக்கடி வரும். பஞ்சாலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் ஆட்குறைப்பு என்ற பொருளில் நன்றாகவே தெரிந்திருக்கும். 18-ஆம் நூற்றாண்டுப் படைவீரருக்கு அது மண்ணை வெட்டி எழுப்பிய அரண். முற்றுகைப் பகுதி முழுவதையும் படித்து, தெரியாத சொற்களை ஒரு பக்கமும், தெரிந்தும் பொருள் ஒட்டாத சொற்களை இன்னொரு பக்கமும் எழுதுங்கள். இரண்டாவது பட்டியல்தான் நீளும். அதை ஹாப்சன் ஜாப்சனோடும் வில்சனோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு வீட்டுப் பெரியவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். அகராதிக்காரர்கள் குறிக்காமல் விட்ட பொருள் சில அவர்களிடம் கிடைக்கும். கிடைத்தால் எந்த ஊரில், யாரிடம், எந்த வாக்கியத்தில் கேட்டீர்கள் என்று தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.